ஊருணி வறண்டு கிடக்கையில் அண்டவியல் எதுக்கு?

பதிவு 1 · ஊருணிக்கரை

பொத்தாம் பொதுவாகப் பேசாமல் ஒரு கணக்கை வைத்தே கேட்கிறேன்.

ஒரு ஏக்கர் ஊருணி. அரை மீட்டர் வண்டல் ஏறியிருக்கிறது. அள்ளினால் ஏறக்குறைய 2,000 கன மீட்டர், நம்ம யூனிட் (நூறு கன அடி) கணக்கில் 715. ஹிட்டாச்சி மணிக்கு 60 கன மீட்டர் வெட்டினால் 34 மணி நேரம். வெட்டிய மண் கால் பங்கு உப்பும், ஆக மூணு யூனிட் டிப்பரில் 300 நடை. ஹிட்டாச்சிக்கு மணிக்கு 2,200, டிப்பருக்கு நடைக்கு 600 என்று போட்டால் இரண்டரை லட்சம். வரத்துக்கால் சீர் செய்ய, படித்துறையில் பெயர்ந்த செம்புறாங்கல்லை எடுத்துக் கட்ட ஒன்றரை. மொத்தம் நாலு லட்சம்.

ஊர்ப் பொதுவில் இப்படி ஒரு தொகை சேர்ந்தால் அன்றைக்கே நாலு கை நீளும். இப்போது புதுசாக ஒரு கை: பள்ளிக்கூடத்தில் வானியல் கூடம் வேண்டுமாம். பெருவெடிப்பு, இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் எல்லாம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள ஒன்றரை லட்சம்.

பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 67 என்று முடிவானால் என்ன, 73 என்று முடிவானால் என்ன, ஊருணியில் ஒரு குடம் தண்ணீர் கூடுமா? கோபத்தில் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · கொட்டான்

கூடும் அண்ணே, நேரா இல்லை, சுத்தி வந்து கூடும். நீங்க வரப்பு அளக்க எடுக்கிற ஜிபிஎஸ், ஐன்ஸ்டீன் சமன்பாடு இல்லாம ஒரு நாளைக்கு 11 கிலோமீட்டர் தப்பா காட்டும். இதை நீங்க படிக்கிற வைஃபை, கருந்துளை தேடப் போய்க் கிடைச்சது. போன் கேமராவுக்கு முன்னோடி சிசிடி, வானியல் போட்ட பிச்சை. எம்.ஆர்.ஐ. மெஷினைக் குளுமையா வச்சிருக்கிற ஹீலியத்தை முதல்ல சூரியன்ல தான் பார்த்தாங்க, அதுவும் 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துல, நம்ம பழைய மதராஸ் மாகாணத்துக் குண்டூர்ல. இதுக்கு மேல என்ன வேணும்?

பதிவு 3 · இருபத்தொரு செ.மீ.

கொட்டான் தம்பி, அண்டவியலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று அதன் காலை வாருகிறீர்கள். நாலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிபிஎஸ். செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்தில் ஓடுகிறது. வேகத்தால் அதன் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோவினாடி பிந்தும். ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும். நிகரம் 38 முந்தல். அதை ஒளிவேகத்தால் பெருக்கினால் 11 கி.மீ. வருவது சரி. ஆனால் எல்லாக் கோள்களுக்கும் ஒரே அளவு முந்தல் என்றால் அந்தப் பிழை வாங்கியின் (உங்கள் கையில் உள்ள ஜிபிஎஸ் கருவியின்) கடிகாரப் பிழையோடு சேர்ந்து கழிந்துவிடும். நாலு கோள் பிடிப்பதே அந்த நாலாவது தெரியாக் கணியத்துக்குத்தான். உண்மையில் நிலத்தில் தெரியும் சார்பியல் விளைவு வேறு. ஒவ்வொரு கோளின் பாதையும் கொஞ்சம் முட்டை வடிவம், மையப்பிறழ்ச்சி 0.01 என்றால் கடிகாரம் 23 நானோவினாடி முன்னும் பின்னும் ஆடும், தூரத்தில் 7 மீட்டர். அதைத்தான் வாங்கி ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனியாகத் திருத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேல், இது ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல், முழுப் பிரபஞ்சத்தையும் ஆராயும் அண்டவியல் அல்ல. இருண்ட ஆற்றல் நாளைக்கே பொய் என்று ஆனாலும் ஜிபிஎஸ் ஒரு சென்டிமீட்டர் நகராது.

வைஃபை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஓசல்லிவனும் கூட்டாளிகளும் வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதற்காகக் கைவந்த, அலையை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்கு பின்னால் அறைக்குள் எதிரொலிக்கும் ரேடியோ அலையைப் பிரிக்க உதவியது. அந்தக் காப்புரிமைக்கு அவர்கள் அரசு ஆய்வு நிறுவனம் 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கியது. நல்ல கதைதான். ஆனால் அதே கணக்கை மருத்துவப் படம் எடுக்கிறவர் யாராவது கொண்டுவந்திருக்கவும் கூடும்.

சிசிடி 1969-ல் பெல் ஆய்வகத்தில் நினைவகச் சில்லு யோசனையாகப் பிறந்தது. வானியலாளர்கள் பிறகு அதைத் தத்தெடுத்து மெருகேற்றினார்கள். பிச்சை எந்தப் பக்கம் விழுந்தது என்று பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. ஹீலியம் பெருவெடிப்பில் வந்ததும் அல்ல, சூரியனில் இருந்து வந்ததும் அல்ல. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஊறியது, இயற்கை எரிவாயுவோடு எடுக்கிறார்கள்.

ஊருணிக்கரை அண்ணன் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: ஒரு குடம்கூடக் கூடாது.

பதிவு 4 · ரசமட்டம்

ஜிபிஎஸ் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை, இதை வைத்து யாரும் வரத்துக்கால் வெட்டிவிட வேண்டாம்.

காரைக்குடி கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 80 மீட்டர் உயரம். திருத்தாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் கழித்தல் குறியோடு வரும், நாம் என்னவோ கடலுக்கு அடியில் இருப்பது போல. கருவி கெட்டுப்போகவில்லை. அது பூமியை வழவழப்பான முட்டை உருவமாக வைத்து அளக்கிறது. நிஜக் கடல் மட்டம் நம் பக்கம் அந்த முட்டைக்கு 90 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது, 106 மீட்டர். அதன் ஓரச் சரிவில்தான் செட்டிநாடு உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் ஈர்ப்பைத்தான் பார்த்து ஓடும், முட்டையைப் பார்த்து அல்ல. கைபேசி உயரம் 10 மீட்டர் வரை தவறும். 800 மீட்டர் வரத்துக்காலுக்கு 2,000-க்கு 1 சரிவு வைத்தால் மொத்த இறக்கமே 40 செ.மீ. பத்து மீட்டர் தவறும் கருவியை வைத்து 40 செ.மீ. இறக்கம் பார்ப்பது, நெல் மூட்டைத் தராசில் தாலிக்குத் தங்கம் நிறுப்பது மாதிரி.

முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் எடுங்கள். இல்லையா, தண்ணீர் நிரப்பிய 20 மீட்டர் கண்ணாடிக் குழாய், அதாவது ட்யூப் லெவல் போதும். அதில் ஒரே ஒரு திருட்டு உண்டு: குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் மட்டம் விரற்கடை கணக்கில் பொய் சொல்லும். ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து, தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிக்கணும். போன வழியே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று மூடணும். சாதாரண மட்டக் கணக்கில் அனுமதி, 24 மி.மீ. பெருக்கல் நடந்த கிலோமீட்டரின் வர்க்கமூலம். போக வர 1.6 கி.மீ. என்றால் 30 மி.மீ. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலில் இருந்து.

பதிவு 5 · கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றிக் கேட்டதால் பணமாகவே பேசுவோம்.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரப்போகும், கருந்துளை மோதலின் அதிர்வைப் பிடிக்கும் லைகோ இந்தியா ஈர்ப்பலைக் கருவிக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 2,600 கோடி. பல வருடத்துக்குப் பிரித்துச் செலவாகும். 2024–25-ல் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86,000 கோடி. கருவியின் மொத்தச் செலவே நூறு நாள் வேலைக்கு 11 நாள் பாடு. தமிழ்நாட்டில் 2019–20 குடிமராமத்துக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 500 கோடி. சந்திரயான்-3 615 கோடி, ஆனால் அதை அண்டவியல் கணக்கில் எழுதாதீர்கள், அது கோள் ஆய்வு.

ஆக, ஹிங்கோலியை மூடினால் நம் கண்மாய்க்குப் பணம் வரும் என்பது, அடுத்த வீட்டுக்காரர் காபியை நிறுத்தினால் நம் வீட்டுப் பால் கணக்கு குறையும் என்பது போல.

இன்னொன்று. 1948 ஜூலையில் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவசரப் பிரச்சினை எல்லாம் தீரட்டும் என்று அன்றைக்கு அவர் காத்திருந்தால்?

பதிவு 6 · ஊருணிக்கரை

கணக்குப்பிள்ளை ஐயா, அழகப்பரை இழுக்காதீர்கள், அது என் பக்கத்து சாட்சி. மின்வேதியியல் என்றால் துரு, முலாம், பேட்டரி. பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்கும், பிரபஞ்ச விரிவுக்குத் துருப்பிடிக்குமா? அவர் கொடுத்தது பயன்படும் அறிவியலுக்கு.

பணம் ஒரே பானையில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தில்லிக் கணக்கு. என் கேள்வி ஊர்க் கணக்கு. இங்கே பானை ஒன்றுதான், நாலு லட்சம்.

அப்புறம் நீங்கள் யாரும் தொடாத ஒன்று: செலவு பணம் மட்டும் இல்லை. தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்தைப் பாருங்கள். 1,500 கோடி என்று 2015-ல் ஒப்புதல். மலையைக் குடைவது, வெடி, தண்ணீர் எல்லாம் அந்த மக்கள் தலையில். கடைசியில் 2022-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதி தர முடியாது என்றது. உலகத்துக்கு அறிவு, ஊருக்குத் தூசி என்றால் எந்த ஊர் சம்மதிக்கும்?

பதிவு 7 · பள்ளத்தூர் ஆச்சி

பொட்டிப்புரம் பற்றி அண்ணன் சொன்னதில் பாதி ஞாயம். நியூட்ரினோவால் ஆபத்து என்று அப்போது பரப்பியது பொய்; அது பூமியையே ஊடுருவிப் போகும், இப்போதும் இதை வாசிக்கிற உங்கள் கட்டை விரல் நகம் வழியே வினாடிக்குச் சில ஆயிரம் கோடி போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பாறை வெடிப்பு, லாரி, தண்ணீர் பற்றிய கேள்விகள் நியாயமானவை. அதற்கு முன்கூட்டியே ஊர் மொழியில் பதில் சொல்லாததுதான் தப்பு. இயற்பியல் தப்பு இல்லை.

67-ஆ 73-ஆ என்பதை அண்ணன் கிண்டலாகக் கேட்டாலும் அதில்தான் சரக்கு இருக்கிறது. அது ஏதோ சாமியார் சண்டை இல்லை, ரசமட்டம் சொன்ன அதே போக வர மூடும் கணக்கு. ஒரு பக்கம், பிரபஞ்சம் 3,80,000 வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளியை பிளாங்க் விண்கலம் அளந்து, அங்கிருந்து கணக்குப் போட்டு முன்னால் வந்தால் 67.4, கூட்டல் கழித்தல் 0.5. இன்னொரு பக்கம், பக்கத்தில் துடிக்கும் செஃபைட் விண்மீன்கள், அதை வைத்து சூப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்கள் என்று படிப்படியாகத் தூரம் அளந்து பின்னால் போனால் 73, கூட்டல் கழித்தல் 1. மூடும் பிழை அனுமதியைத் தாண்டிவிட்டது. ஒன்று, எங்கேயோ குழாய்க்குள் குமிழி. இல்லை, நிலமே நாம் நினைத்த மாதிரி இல்லை. 2025 மார்ச்சில், பிரபஞ்சத்தை வரைபடமாக்கும் டெசி ஆய்வு, இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறுகிறதோ என்று ஒரு குறிப்பு கொடுத்தது. கண்டுபிடிப்பு என்று சொல்லும் எல்லையை இன்னும் தொடவில்லை, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை.

சாதாரண அணுவால் ஆனது 5 சதவீதம்தான். ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருள் 27, விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் 68. பெயர் வைத்திருக்கிறோமே தவிர இரண்டும் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஒரு பாடத்தில் 95 சதவீதம் தெரியாது என்று புத்தகமே எழுதுவது வேறு எங்கே?

பயன்படாது என்றுதான் நானும் சொல்கிறேன் அண்ணே. ஆத்தங்குடிக் கல்லில் பூ எதற்கு, வெறும் சிமெண்ட் தரை போதாதா என்று யாரும் கேட்பதில்லை. அதே தரையில் தானே உலக்கையும் குத்துகிறோம்.

பதிவு 8 · கொட்டான்

சரி, நாலும் தோத்துப் போச்சு. ஐந்தாவது ஒண்ணு இருக்கு, தண்ணியே தான். கிரேஸ் செயற்கைக்கோள் நிலத்தடி நீரை வானத்துல இருந்தே எடை போட்டுச்சு. இதையும் இடிப்பீங்களா சார்?

பதிவு 9 · இருபத்தொரு செ.மீ.

இடிக்க மாட்டேன், இது உருப்படி. ஆனால் அளவோடு பிடிப்போம்.

2002-ல் ஏவிய இரண்டு கோள்கள், ஒன்றன் பின் ஒன்றாக 220 கி.மீ. இடைவெளி. கீழே கனமான இடம் வந்தால் முன்னது முதலில் இழுபடும், இடைவெளி கூடும். அந்த மாற்றத்தை மைக்ரான் கணக்கில், தலைமயிர்த் தடிமனில் நூறில் ஒன்று அளவுக்கு, நுண்ணலையால் அளந்தார்கள். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பக்கம் நிலத்தடியில் இருந்து 109 கன கிலோமீட்டர் தண்ணீர் காணாமல் போனது இப்படித்தான் தெரிந்தது. மேட்டூர் அணையை 41 தடவை நிரப்பலாம். கிணறு கிணறாகக் கயிறு விட்டு அளந்திருந்தால் இவ்வளவு பெரிய படம் கிடைத்திருக்காது.

ஆனால் அதன் பார்வை முன்னூறு கிலோமீட்டர் அகலக் கட்டம். சிவகங்கை மாவட்டமே அதற்கு ஒரு புள்ளிக்குள் அடங்கும், ஊருணியை எங்கே பார்க்கும்! 2018-ல் போன அடுத்த ஜோடியில் லேசர் அளவி ஒன்றும் சோதனைக்கு வைத்தார்கள், நானோமீட்டர் துல்லியம். அந்த லேசர் நுட்பம் விண்வெளியில் ஈர்ப்பலை பிடிக்க நினைக்கும் லிசா திட்டத்துக்காக வளர்த்தது. கருந்துளை மோதலைக் கேட்கச் செய்த காது, பஞ்சாப் போர்வெல்லின் காலடிச் சத்தத்தைக் கேட்கிறது. இந்த ஒன்றை வேண்டுமானால் அண்டவியல் பக்கம் வரவு வையுங்கள்.

இன்னொரு வரவு. சிலியில் ரூபின் ஆய்வகம். முதலில் யோசித்தபோது பெயரே இருண்ட பொருள் தொலைநோக்கி. 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில், பத்து மணி நேரச் சோதனைப் பார்வையில் 2,104 புதுச் சிறுகோள் சிக்கின. ஏழு பூமிக்கு அருகே வருபவை, ஆபத்தில்லை. வானம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிற எந்தக் கருவியும் கூடவே காவல் வேலையும் பார்க்கும்.

பதிவு 10 · கணக்குப்பிள்ளை

பழைய கணக்கு ஒன்று, நடுவே ஒரு வாய் தண்ணீர் மாதிரி. 1825-ல் புதுச்சேரியில் வாரன் என்ற அதிகாரி முன்னால் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழியைப் பரப்பி, மனப்பாட வாக்கியத்தை வைத்தே மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம் தவறியது, நடு 23, முடிவு 52. ஏன் அப்படிக் கணக்கு வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. தர்ப்பணத்துக்கு நேரம் தெரிந்தால் போதும். பயன் மட்டும் போதும் என்று நின்றால் 52 நிமிடம் அப்படியே நிற்கும், அதைக் குறைக்க யாருக்கும் அவசியம் வராது.

பதிவு 11 · ஊருணிக்கரை

கடைசி வரி நெத்தியடி ஐயா. சரி, நான் பாதி இறங்கி வருகிறேன். ஆனால் ஒன்றரை லட்சம் தர மாட்டேன். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்குவார்கள், முதல் வருடம் சனி வளையம் பார்ப்பார்கள், இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பூக்கும், மூன்றாம் வருடம் கிடங்கில் துணி போர்த்தி நிற்கும். குறைந்த செலவில் அண்டவியல் என்று ஏதாவது கையால் செய்ய முடியுமா? சொற்பொழிவு வேண்டாம்.

பதிவு 12 · இருபத்தொரு செ.மீ.

முடியும். அதுவும் நம் வீட்டு முற்றம் இதற்காகவே கட்டியது போல இருக்கும்.

ஹைட்ரஜன் அணு தானாக விடும் ரேடியோ அலை 1420.406 மெகாஹெர்ட்ஸ், நீளம் 21 செ.மீ. பால்வீதி முழுக்க இது கசிகிறது. மேகம், நிலா, தெருவிளக்கு எதுவும் தடை இல்லை.

தேவை: 16.5 க்கு 10.5 செ.மீ. குறுக்குவெட்டுள்ள செவ்வகத் தகர டின், தின்னர் டின் இந்த அளவில் வரும். மேல் பக்கத்தை வெட்டி எடுங்கள். அகலமான பக்கத்தில், மூடிய அடியில் இருந்து 6.9 செ.மீ. தள்ளி நடுவில் துளை; அதில் கனெக்டர், உள்ளே 5.2 செ.மீ. நீளச் செம்புக் கம்பி. டின் வாயில் இருந்து விரியும் கொம்பு, வெளி வாய் 75 க்கு 60 செ.மீ. அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மாகோல் அல்லது கூரைக்கு அடிக்கும் வெப்பத்தடுப்புத் தாள் போதும். மூலைகளில் அலுமினிய டேப் விட்டுப்போகக் கூடாது. அங்குலம் இடைவெளி இருந்தாலும் தரைச் சூடு உள்ளே ஒழுகும். கனெக்டரை ஒட்டியே, கேபிள் நடுவில் விடாமல், 1420-க்கான வடிகட்டி சேர்ந்த குறைஇரைச்சல் பெருக்கி. பிறகு கணினியில் செருகும் ரேடியோ வாங்கியான எஸ்.டி.ஆர். டாங்கிள், பழைய மடிக்கணினி. எல்லாம் சேர்ந்து 15,000-க்குள் முடிக்கலாம்.

கெடுவது எங்கே? வடிகட்டி இல்லாத பெருக்கி வாங்கினால் பக்கத்துச் செல்போன் கோபுரம் அதை முழுங்கிவிடும், திரையில் காடு மாதிரி முள்ளாக நிற்கும். டாங்கிளில் பயஸ்-டி என்ற மின்சாரத்தை மென்பொருளில் திறக்க மறந்தால் பெருக்கி செத்தபடியே இருக்கும், இரைச்சல் மட்டம் ஏறவே ஏறாது. பலரும் சிக்குவது இங்கேதான். அலைவரிசை நடுவை 1420.4-ல் வைக்காதீர்கள், டாங்கிளின் நடுவில் எப்போதும் ஒரு போலி முள் நிற்கும். 1419.6-ல் வைத்து 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்தால் கோடு முள்ளை விட்டு விலகி விழும்.

கொம்பை முற்றத்தின் நடுவில் நேர் மேலே பார்க்க வையுங்கள். சுற்றி வளவும் பத்தியும் ஓட்டுக்கூரையும் தரைவழி இரைச்சலைக் கொஞ்சம் மறைக்கும். நம் அட்சம் 10 டிகிரி. பால்வீதித் தளம் நம் உச்சியைக் கடப்பது பால்வீதி நெடுக்கை (பால்வீதி மையத்தில் இருந்து தளத்தோடு அளக்கும் கோணம்) 43 டிகிரி வாக்கில், ஆகஸ்ட் 15-ல் இரவு 9.50 சுமாருக்கு, நாளுக்கு நாலு நிமிடம் முந்தும், செப்டம்பர் நடுவில் 7.45. கொம்பின் பார்வை 18 டிகிரி அகலம், ஆகவே அரை மணி முன்பின் கவலையில்லை. ஐந்து நிமிடம் சேர்த்துச் சராசரி எடுங்கள். பிறகு கொம்பைத் தரைப் பக்கம் கவிழ்த்து இன்னொரு ஐந்து நிமிடம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கருவியின் சொந்தக் கோணல் போய், ஹைட்ரஜன் மேடு தனியாக எழும்பும்.

கோடு 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் வினாடிக்கு 1 கி.மீ. வேகம். பூமி சூரியனைச் சுற்றுவது, சூரியன் தானே போவது இரண்டையும் கழித்த பின் மேட்டின் கடைசி விளிம்பு 350 கிலோஹெர்ட்ஸ் தாழ்ந்து நிற்கும், ஏறக்குறைய வினாடிக்கு 70–75 கி.மீ. அதோடு, சூரியன் பால்வீதி மையத்தைச் சுற்றும் வேகம் 220 பெருக்கல் சைன் 43 கூட்டுங்கள்: அந்த ஹைட்ரஜன் மையத்தைச் சுற்றும் வேகம் 220-ஐ ஒட்டி வரும். கொம்பைச் சாய்த்து நெடுக்கை 30, 50, 60 என்று எடுத்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. சூரியக் குடும்பத்தில் வெளியே போகப் போகக் கோள் மெதுவாகும். இங்கே அப்படி விழவில்லை.

ஒரு நேர்மை: இந்த முறை சூரியனுக்கு உள்பக்கம் மட்டும் அளக்கும். இது மட்டுமே இருண்ட பொருளை நிரூபிக்காது. வெளிப்பக்கமும் வேகம் விழாமல் நிற்பதுதான் நிரூபணத்தின் முதுகெலும்பு. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவில் கண்டது. பிள்ளைகளிடம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொட்டான் மாதிரி ஆகிவிடும்.

பதிவு 13 · கொட்டான்

வாங்கிக் கட்டிக்கிட்டேன் சார். மழைக்காலத்துல அந்தக் கொம்பை முற்றத்துல விட்டா?

பதிவு 14 · இருபத்தொரு செ.மீ.

விடக் கூடாது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். வாய்க்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் கட்டலாம், ரேடியோ அலைக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் தண்ணீர் தேங்கினால் தெரியும்.

பதிவு 15 · ரசமட்டம்

15,000 என்றால் ஊருணிக்கு 3,85,000 நிற்கிறது, சண்டை அநேகமாக முடிந்தது. ஆனால் அண்ணன் முதல் பதிவில் போட்ட கணக்கிலேயே ஒரு ஓட்டை. வண்டல் அள்ளுவதற்குப் பெரும் பங்கு வைத்திருக்கிறார். அரை மீட்டர் ஆழம் கூட்டினால் கிடைப்பது 20 லட்சம் லிட்டர் இடம். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் ஒரு ஏக்கர் பரப்பில் 20,000 லிட்டர். நூறு நாளில் அவ்வளவும் வெயிலுக்கே போகும். வறண்ட ஊருணிக்கு வியாதி ஆழக் குறைவு அல்ல, வரத்து இல்லாததுதான்.

ஊருணி 3 மீட்டர் நிரம்ப 12,000 கன மீட்டர் வேண்டும். 20 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 1 மி.மீ. மழை 200 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் 40. ஆக 300 மி.மீ. நல்ல மழை போதும், வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கும். வழியில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரும் ஒரு சிமெண்ட் ரோடும் குறுக்கே ஏறியிருந்தால் 3,000 மி.மீ. பெய்தாலும் வராது.

அதனால் முதலில் வரத்துக்கால். சீமைக் கருவேலத்தை மேலே வெட்டிவிட்டு வந்தால் அடுத்த ஆடிக்குள் தழைத்துவிடும். தூரோடு, தரைக்கு ஒரு அடி கீழே இருக்கும் கட்டையோடு பிடுங்கணும். ஊருணி வாசலுக்கு முன்னால் 2 க்கு 2 மீட்டர், 1.2 மீட்டர் ஆழ வண்டல் தொட்டி, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அள்ளுகிற மாதிரி. உள்வாசல் மட்டம், மிகைநீர் வெளியேறும் கலுங்கை விடக் கொஞ்சமாவது உயர்ந்திருக்கணும், இல்லாவிட்டால் நிரம்பின தண்ணீர் வந்த வழியே திரும்பும்.

அதன் பிறகு தூர். ஹிட்டாச்சி இறங்கும் முன் ஐந்தாறு இடத்தில் குழி போட்டுப் பாருங்கள். மேலே கறுத்துப் பொலபொலவென்று இருப்பது வண்டல். அடியில் கையில் ஒட்டி, உருட்டினால் புரிநூல் போல மெலிந்து ஒடியாமல் வருவது களி. களிக்கு அரை அடி மேலேயே பக்கெட் நிற்கணும். அதைக் கிழித்தால் அடியில் செம்புறாங்கல், ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும், தண்ணீர் மாயமாகிவிடும். கூடுதல் ஆழம் வெட்டியதற்காகவே வறண்டுபோன ஊருணி உண்டு. கிழிந்துவிட்டால் வெளிக் களியை அரை அரை அடியாகப் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்டி மூடணும். செலவு தூர்வாரியதில் பாதி. அள்ளிய வண்டலை வயலுக்குக் கொடுக்க தாசில்தார் அனுமதி வாங்கிவிட்டால் டிப்பர் கூலியில் ஒரு பங்கை விவசாயிகளே தருவார்கள்.

பதிவு 16 · ஊருணிக்கரை

கேட்டது அண்டவியல், கிடைத்தது என் ஊருணிக் கணக்கில் ஓட்டை. ஏற்றுக்கொள்கிறேன். வரத்துக்கால் முதலில்.

ரசமட்டம் அண்ணே, ட்யூப் லெவலை அந்தப் பிள்ளைகளை வைத்தே பிடிக்கலாமா? ஒரு முனை ஒன்பதாம் வகுப்பு, ஒரு முனை பத்தாம் வகுப்பு.

பதிவு 17 · ரசமட்டம்

பிடிக்கலாம். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் பொடி கலந்துகொள்ளச் சொல்லுங்கள், குமிழி நின்றால் தெரியும். காலை ஏழு மணிக்குள் ஆரம்பிக்கணும், வெயிலில் ஒரு பாதிக் குழாய் சுட்டு மறுபாதி நிழலில் கிடந்தால் மட்டம் ஓடும்.

பதிவு 18 · பள்ளத்தூர் ஆச்சி

போன கணக்கையும் வந்த கணக்கையும் இரண்டு வகுப்பும் தனித்தனி நோட்டில் எழுதட்டும், கடைசி வரை ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. 30 மி.மீ.-க்குள் மூடவில்லை என்றால் அன்றைக்கே 67, 73 பாடத்தை எடுத்துவிடலாம்.